பழைய பேப்பர் கடைக்குப் போன ஆறு – எங்கள் நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

ஊர்ப் பெயரையும் நூலகத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன். இரண்டு வரி படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நூலகத்தின் பழைய தொகுப்புகளை எடைக்குப் போட்டது பற்றிக் கேட்க இரண்டு முறை நேரில் வந்தேன், ஒரு முறை பதிவுத் தபால் போட்டேன். உருப்படியான பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை காய்கறிப் பையோடு திரும்பி வரும்போது, சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடை வாசலில் பைண்டு செய்த கனமான தொகுப்புகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பச்சைக் காலிகோ முதுகு, மங்கிய தங்க எழுத்து, உள்ளே உங்கள் நூலகத்தின் ஊதா முத்திரை. கிட்டப் போய்ப் புரட்டினால் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பழைய இதழ்கள், 'ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்' என்ற அமெரிக்க மீன்பிடி, வேட்டைப் பத்திரிகையின் பத்துப் பன்னிரண்டு வருடத்துத் தொகுப்பு, அதே மாதிரியான 'அவுட்டோர் லைஃப்' உதிரிகள், தூண்டில் மீன்பிடிப்பு பற்றிய ஆங்கிலப் புத்தகங்கள் நாலைந்து. கிலோ 12 ரூபாய்க்கு எடுத்தாராம் கடைக்காரர். "நியூஸ் பேப்பருன்னாக்கூட பரவாயில்லைங்க சார், இது வழவழ பேப்பரு, பொட்டலம் மடிக்கக்கூட ஆகாதுங்க, மில்லுக்குத்தான் போகும்" என்று அவர்தான் வருத்தப்பட்டுச் சொன்னார். முந்தின நாளே ஒரு டெம்போ லோடு கிளம்பிப் போயாச்சு. மிச்சமிருந்ததில் என் ஸ்கூட்டர் தாங்கிய அளவு, 31 கிலோ, கிலோ 20 ரூபாய் என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நூலகத்தில் விசாரித்தபோது, ஐந்து வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழித்துவிடச் சொல்லிக் கமிட்டித் தீர்மானம் என்றார்கள். சரி. ஆனால் அந்தத் தொகுப்புகள் ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'வெளியே கொடுப்பதற்கில்லை' என்று உங்கள் சீட்டே ஒட்டியிருக்கிறதே. எடுக்கவே விடாத புத்தகத்தை யாரும் எடுக்கவில்லை என்று கழித்துக்கட்டினால் அதற்கு நான் என்ன சொல்ல? உட்கார்ந்து படித்தவர்களின் கணக்கை யாராவது எழுதி வைத்தீர்களா? நான் படித்தேன். எனக்கு முன்னால் என் அப்பா படித்தார்.

உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், வெள்ளைக்காரன் மீன் பிடித்த கதையை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பிரயோஜனம் என்று. நியாயமான கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

காவிரியில் ஒரு மீன் இருக்கிறது. இருந்தது என்று சொல்லும் நிலைமை இன்னும் வரவில்லை, ஆனால் வெகுதூரத்தில் இல்லை. திமில் மஹசீர். கெண்டை இனத்தில் ராட்சசன், ஒன்றரை மீட்டர் நீளமும் 45 கிலோவுக்கு மேல் எடையும் வளரக்கூடியது, காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 1946-இல் மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்துகொண்டிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் காவிரியின் துணை ஆறான கபினியில் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்தப் புகழ் உலகத்துத் தூண்டில்காரர்கள் காதுக்கெல்லாம் எப்படிப் போனது? எழுத்து மூலமாகத்தான். மதராஸ் மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற அதிகாரி 1873-இல் மங்களூரில் அச்சிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம்தான் மஹசீரை அவர்களுக்கு அறிமுகம் செய்தது. சால்மனைவிட மஹசீரோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய விஷயம் என்று அவர் எழுதியதைப் படித்துச் சீமையில் எத்தனை பேருக்கு முகம் சுருங்கியிருக்குமோ தெரியாது.

அதே மனிதர்தான், பொடிக்கண்ணி வலையால் குஞ்சு மீன்களை வாரி எடுப்பதையும் ஆற்றில் விஷம் கலப்பதையும் எதிர்த்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற மருத்துவரும் அதே காலத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வாதங்களுக்கெல்லாம் பிறகு 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று சொல்லும் சட்டம். இன்றைக்கும் கோடையில் ஆறு வற்றிக் கசம் மட்டும் தேங்கி நிற்கும்போது வெடி போடுகிறவர்களைப் பார்த்து நான் கத்தும்போது என் பின்னால் நிற்பது அந்தச் சட்டம்தான். (அவர்கள் என்னைச் சட்டை செய்வதில்லை என்பது வேறு விஷயம்.)

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 1873-இலிருந்து எல்லோருக்கும் தெரிந்த இந்த மீன் அறிவியல்படி எந்த இனம் என்று தீர்மானமானது 2018-இல். நூற்று நாற்பத்தைந்து வருடம்! அமராவதி வழியாகக் காவிரியில் சேரும் கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மீனுக்கு 2007-இலேயே 'டோர் ரெமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள், மீன்களை ஆராய்ந்த ரெமாதேவி என்ற விஞ்ஞானியைக் கௌரவிக்க. காவிரியின் திமில் மஹசீரும் அதுவும் ஒன்றுதான் என்று 2018-இல், நம் மோயாற்றில் கிடைத்த மீன்களை வைத்துச் சொன்னார்கள். அதே வருடக் கடைசியில் அது அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று சர்வதேசச் செம்பட்டியலிலும் ஏறிவிட்டது.

அது குறைந்துகொண்டே வந்தது எப்படித் தெரிந்தது? அரசாங்கக் கணக்கிலிருந்து இல்லை. கர்நாடகத்துக் காவிரிக் கரையில் காலிபோர் என்ற இடத்துத் தூண்டில் முகாமில், பிடித்த மீனை எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டு, திருப்பி ஆற்றிலேயே விடுவார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். மீன் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கிறது, எல்லோரும் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள், ஆனால் கூடியதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர். சொந்த ஊர்க்காரனான திமில் மஹசீர் சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் எழுதிய நோட்டு இல்லையென்றால் இந்தத் திருட்டு வெளியே வந்திருக்காது. யாராவது ஒரு புண்ணியவான் அந்த நோட்டுகளையும் ஐந்து வருடமாக யாரும் புரட்டவில்லை என்று எடைக்குப் போட்டிருந்தால்?

இப்போது நான் மீட்டு வந்த 31 கிலோவுக்கு வருகிறேன். பம்பாய்க் கழகத்தின் இதழ்களில் சுந்தர் லால் ஹோரா, பிற்பாடு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக ஆனவர், 1930-களின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவின் தூண்டில் மீன்களைப் பற்றி ஒரு நீண்ட தொடர் எழுதினார். கூடவே ஒவ்வொரு இதழின் கடைசியிலும் சில்லறைக் குறிப்புகள் என்று ஒரு பகுதி வரும். எஸ்டேட்காரர், வனத்துறை ஆள், ரயில்வே இன்ஜினியர் யார் வேண்டுமானாலும் பார்த்ததை எழுதி அனுப்பலாம். எனக்கு ஹோராவைவிட அந்தச் சில்லறைதான் பிடிக்கும். ஹோராவின் மஹசீர் கட்டுரை இருந்த தொகுப்பை அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நடுப் பக்கம் ஒன்று மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு செதில்.

என் உள்ளங்கையின் முக்கால் பாகம் இருக்கும். காய்ந்து, தேன் நிறத்தில், பழைய ஃபிலிம் துண்டு மாதிரி வளைந்து. வெளிச்சத்தில் பிடித்தால் மரத்தில் இருப்பது போல வளையம் வளையமாகத் தெரிகிறது, மீனின் வயதை அதிலிருந்துதான் கணக்குப் பண்ணுவார்கள். பக்கத்து ஓரத்தில் பென்சிலில், சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்தில், 42 பவுண்டு, பவானியும் மோயாறும் கூடும் இடத்துக்கு மேலே, 1943 ஜனவரி என்று எழுதியிருக்கிறது. கீழே இன்னொரு வரி, அடுத்த தொகுப்பில் இன்ன பக்கம் பார்க்க என்று.

அந்தக் கூடுதுறை இப்போது கிடையாது. 1955-இல் பவானிசாகர் அணை கட்டி முடித்த பிறகு அது தண்ணீருக்கு அடியில். எழுதியவர் யார் என்று தெரியாது. மீன் இல்லை, இடம் இல்லை, ஆள் இல்லை, உங்கள் முத்திரை குத்திய பக்கத்தில் அந்தச் செதில் மட்டும் இருக்கிறது. பழைய செதிலிலிருந்து மரபணு எடுத்துப் பார்க்க இப்போது வழியிருக்கிறது, அங்கே எந்த மஹசீர் இருந்தது என்று ஒருவேளை தெரிந்துகொள்ளலாம். 'அடுத்த தொகுப்பு' முந்தின நாள் டெம்போவில் மில்லுக்குப் போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தூக்கம் போன ராத்திரி அது.

அமெரிக்கப் பத்திரிகை நமக்கு எதற்கு என்றும் கேட்டீர்கள். என் அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். பள்ளிக்கூட இங்கிலீஷ்தான். எழுபதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வாசிப்பறையின் ஜன்னலோர மேஜையில் 'ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்' தொகுப்பை ஒரு பக்கமும் லிப்கோ டிக்‌ஷனரியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோ எஸ்டேட் துரை ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன தொகுப்புகள் என்று சொல்வார்கள். ஏ. ஜே. மெக்லேன் எழுதிய பக்கங்கள் என்றால் அப்பாவுக்கு உயிர். 1940-களின் கடைசியிலிருந்து அந்தப் பத்திரிகையில் மீன்பிடிப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அவர். இரண்டு தூண்டில் நரம்பை இணைக்கும் முடிச்சின் படத்தை அப்பா நாற்பது பக்க நோட்டில் வரைந்துகொண்டு வந்து, வீட்டு ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றைக் கட்டி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நீரோட்டம் பாறையைச் சுற்றி வரும்போது மீன் எந்தப் பக்கம் நிற்கும் என்று அம்புக்குறி போட்ட படங்களும் அந்த நோட்டில் உண்டு. வாய்க்கு வாய் "மெக்லேன் சொன்னபடி" என்பார். அம்மா வெகுநாள் வரைக்கும் மெக்லேன் என்பது மின்வாரியத்தில் அப்பாவுக்கு மேலே இருக்கும் ஏதோ இன்ஜினியர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் ஓடும் ட்ரவுட்டுக்கும் நம் குளத்து விராலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா ராகி உருண்டையும் மண்புழுவும் கோர்த்துத்தான் கடைசி வரை பிடித்தார். ஆனால் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று அங்கிருந்துதான் கற்றுக்கொண்டார், அதை எனக்கும் கற்றுக்கொடுத்தார்.

அந்தப் பத்திரிகைக்காரர்கள் சும்மா பொழுது போக்கியவர்களும் இல்லை. 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற இன்னொரு பழைய பத்திரிகையின் ஆசிரியர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1886-இல் தன் பத்திரிகை மூலமாகவே பறவைகளைக் காக்க ஆடுபான் சங்கத்தை ஆரம்பித்தார். ஐடஹோவைச் சேர்ந்த டெட் ட்ரூபிளட் வாழ்நாள் முழுக்க மீன்பிடிப்பும் வேட்டையும் பற்றி 'ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீமில்' எழுதியவர், சால்மன் ஆற்றைச் சுற்றியிருக்கும் மலைக்காட்டைக் காப்பாற்ற வருடக்கணக்கில் அலைந்தார். 1980-இல் 20 லட்சம் ஏக்கருக்கும் மேலான காடு அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்துபோனார். நம் பக்கத்தில் ஜிம் கார்பெட்டை எல்லோரும் புலிக்காகத்தான் படிக்கிறார்கள். 1944-இல் வந்த அவருடைய முதல் பிரபலமான புத்தகத்தில், ஆட்கொல்லிகளுக்கு நடுவே, மஹசீர் பிடிப்பதைப் பற்றியே தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது. போய்ப் பாருங்கள், அந்தப் புத்தகமாவது இன்னும் உங்கள் அலமாரியில் இருந்தால்.

நான் கண்ணை மூடிக்கொண்டு இவர்களைக் கொண்டாடவில்லை. தாமஸ் காலத்து எழுத்தில் துரை கையில் தூண்டில் இருக்கும், பரிசல் தள்ளியவருக்குப் பெயர் இருக்காது. எந்தக் கசத்தில் மீன் நிற்கும் என்று காட்டிக்கொடுத்தவர் 'ஒரு நேட்டிவ்' என்பதோடு முடிந்துவிடுவார். காலங்காலமாக ஆற்றை நம்பிப் பிழைத்தவர்களின் வலையைப் பழித்துவிட்டுத் தன் தூண்டிலை மட்டும் கௌரவமாகப் பேசும் திமிரும் அதில் உண்டு. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டதும் அதே பக்கங்களைப் படித்துத்தான். பக்கத்தையே தூக்கிப் போட்டுவிட்டால் திட்டுவதற்குக்கூட ஆதாரம் மிஞ்சாது.

இன்னொரு பதிலும் சொன்னார்கள், அதெல்லாம் இணையத்தில் கிடைக்குமே என்று. உண்மைதான், பம்பாய்க் கழக இதழ்களில் பல ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன, நானே படிக்கிறேன். செதில் கிடைக்குமா? பென்சில் குறிப்பு கிடைக்குமா? நம் ஊருக்குப் பக்கத்து ஆற்றைப் பற்றி நம் ஊரில் உட்கார்ந்து யாரோ எழுதிவைத்தது உலகத்திலேயே அந்த ஒரு பிரதியில்தான் இருந்தது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தேடிப் போனபோது, அவற்றை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். அவர்களாவது நெய் செலவழித்தார்கள். நீங்கள் கிலோவுக்கு 12 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

ஏடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று சொன்னவருக்காக இதை எழுதுகிறேன். அகநானூறு 36, மதுரை நக்கீரர் பாடியது. வாய் பிளந்த, வரி போட்ட ஆண் விரால் ஒன்று வளைந்த தூண்டில் முள்ளில் இருந்த இரையைக் கவ்விவிடுகிறது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூ சிதறத் துள்ளி எழுந்து, வள்ளைக் கொடியைக் கலைத்து, தூண்டில் போட்டவன் இழுக்க இழுக்க வராமல், கயிறு போட்ட கோபக்காரக் காளை மாதிரி குளத்தையே கலக்குகிறது. விரால் பிடித்தவர் யாரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நான் விரலில் நரம்பு அறுத்த தழும்போடு சொல்கிறேன், அப்படியே இருக்கும். மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுவது நமக்குப் புதிது இல்லை. ஆனால் நடுவில் எங்கேயோ அந்த நூல் அறுந்துவிட்டது. தூண்டிலுக்கென்று தமிழில் ஒரு பத்திரிகை என் கண்ணில் பட்டதே இல்லை. காட்டைப் பற்றி எழுத நமக்கு மா. கிருஷ்ணன் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை பத்தி எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளும் பழைய இதழ்களில் சிதறிக் கிடந்து, பிற்பாடுதான் புத்தகமாக வந்தன. யாரோ அந்த இதழ்களை எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால்தானே?

இனி நான் கேட்பது.

மாடியில் இன்னும் இரண்டு அலமாரி பாக்கி இருப்பதாக உங்கள் ஊழியர் சொன்னார். அதிலிருந்து ஒரு தாள்கூட வெளியே போகக் கூடாது, முதலில் இந்த விற்பனையை நிறுத்தி எழுத்தில் உத்தரவு போடுங்கள். அப்புறம் அங்கே இருப்பதற்கு ஒரு பட்டியல் போட வேண்டும். ஆள் இல்லை என்பீர்கள். நான் வருகிறேன், என்னோடு ஆற்றுக்கு வரும் நாலு பேரும் வருகிறார்கள், ஒருவர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். காசு வேண்டாம், மின்விசிறி ஓடினால் போதும்.

இனிமேல் எதைக் கழிப்பதாக இருந்தாலும் அந்தப் பட்டியலை 30 நாள் முன்னதாக வாசலில் ஒட்டுங்கள். வெளியே கொடுக்காத புத்தகத்துக்கு 'யாரும் எடுக்கவில்லை' என்ற விதி பொருந்தாது என்று தீர்மானத்தைத் திருத்துங்கள். வைத்துக்கொள்ள இடமே இல்லையென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, மும்பையில் அந்தக் கழகமே இருக்கிறது. பழைய பேப்பர் கடைக்குப் பேசுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். கடிதத்தை வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

டெம்போவில் என்னென்ன போனது என்று உங்கள் பதிவேட்டை வைத்து ஒரு கணக்கு எடுத்து வெளியிடுங்கள். போனது திரும்பாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என்ன போனது என்று தெரிய வேண்டும்.

என்னிடம் இருக்கும் 31 கிலோவையும் ஒரு பைசா வாங்காமல் திருப்பித் தருகிறேன், ரசீது கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கும்படி அதே ஜன்னலோர மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரியில் வைப்பதாக இருந்தால். அப்பாவின் நாற்பது பக்க நோட்டையும் அதோடு சேர்த்துத் தருகிறேன். பரிசல்காரர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கிறது.

அதுவரைக்கும் அவை என் கட்டிலுக்கடியில், வேப்பிலை போட்டு, இரண்டு தகரப் பெட்டியில் இருக்கின்றன. அடுத்த கூட்டம் 14-ஆம் தேதி மாலை என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். வருகிறேன். செதிலையும் கொண்டுவருவேன், தொட்டுப் பார்க்கலாம், கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலோர மேஜைக்கு ஞாயிற்றுக்கிழமை வரும் உங்கள் வாசகன்